பழுது பார்ப்பதும் ஆராய்ச்சியே

(சற்று நீண்ட பதிவு. மொழியியல், சமூக அறிவியல் துறைகளில் ஆய்வு செய்யும் நண்பர்களை மனத்திற்கொண்டு எழுதுகிறேன். பொறுமையாக வாசிக்க வேண்டுகிறேன்.)

'ரிப்பேர்' என்பதற்கு ஈடாகத் தமிழில் வழங்கும் 'பழுது பார்த்தல்' என்ற தொடரை நாம் போதிய கவனமின்றிக் கடந்துவிடுகிறோம். பழுதை நீக்குதல், களைதல், மாற்றுதல் என்றெல்லாம் சொல்ல வாய்ப்பிருந்தும் வழக்கு 'பார்த்தல்' என்ற வினையைத் தேர்ந்திருக்கிறது. நாடி பார்த்தல், வைத்தியம் பார்த்தல், கணக்குப் பார்த்தல் ஆகியவற்றோடு ஓரினமாக நிற்கும் தொடர் இது. அரபு மூலமுடைய 'மரம்மத்' என்னும் சொல்லை இந்தியும் உருதும் தெலுங்கும் எல்லாவகைப் பழுதுக்கும் ஆள்கின்றன. தமிழும் அதே சொல்லை 'மராமத்து' என்று வாங்கி, 'குடிமராமத்து' என ஏரி, கால்வாய்ப் பராமரிப்பில் நிலைபெறச் செய்தது. கடிகாரம், வண்டி, எந்திரம் என்று வரும்போது மட்டும் பழுதைப் 'பார்க்கிறோம்'.

ஒரு சொல்லின் வடிவம் மட்டுமே ஒரு கருத்துக்குச் சான்றாகிவிடாது என்பதை மொழியியல் மாணவர் அனைவரும் அறிவர். 'வேலை பார்த்தல்' என்பதிலும் பார்த்தல் உண்டு. அங்கே கண்ணுக்கு வேலையில்லை. ஆகவே சொல்லை வைத்து வாதிட நான் முனையவில்லை. அந்தச் சொல் காட்டும் திசையில் ஒரு பட்டறைக்குள் நுழைந்து, அங்கே உண்மையில் நடப்பது என்ன என்று கேட்கவே விரும்புகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகள் நின்றுபோன ஒரு வண்டியை மீண்டும் ஓடவைக்கும் மெக்கானிக்கின் செயலைக் கைப்பழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. கருதுகோள், சோதனை, மறுப்பு, முடிவு என்னும் படிகளைக் கொண்ட ஆய்வு அது. அந்த ஆய்வுக்கென ஒரு மொழியும் இருக்கிறது. இவ்விரண்டையும் பல்கலைக்கழகம் அறிவாக ஏற்றுப் பதிவு செய்ய வேண்டும். அதற்கான காலம் வேகமாகக் குறுகி வருகிறது.

நான் எடுத்துக்கொள்ளும் சான்று எங்கள் குடும்பத்தின் சரக்கு வண்டி. டெல்கோ நிறுவனம் 1988இல் அறிமுகப்படுத்திய டாடாமொபைல் வகையைச் சேர்ந்த பிக்கப். எங்களுடையது 1994ஆம் ஆண்டு வண்டி. எங்கள் ஊர் கர்நாடகத்தின் கோலார் தங்கவயல். 1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கத் தொழிலைத் தொடங்கியபோது வடார்க்காடு, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் நாங்கள். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம்வரை சென்ற சாம்பியன் ரீஃப் உள்ளிட்ட சுரங்கங்கள் 2001 பிப்ரவரி இறுதியில் மூடப்பட்டன. அதன்பின் ஊரில் பெரும்பாலோர் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூரில் வேலை தேடினர். என் தந்தை இரண்டாம் கையாக இந்த வண்டியை வாங்கி, கோலாரின் தக்காளிச் சந்தைக்கும் பெங்களூர் கலாசிபாளையத்துக்கும் வாடகைக்கு ஓட்டினார். என் பள்ளிக் கட்டணமும் கல்லூரிக் கட்டணமும் அந்த வாடகையிலிருந்துதான் வந்தன. 2017இல் கண்பார்வை குறையவே அவர் ஓட்டுவதை நிறுத்தினார். வண்டியும் வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் நின்றுவிட்டது.

அதைக் காயலான் கடைக்குப் போடுவதா, ஓடவைப்பதா என்ற கேள்வி சென்ற கோடை விடுமுறையில் எழுந்தது. பெருநகரத்துப் பணிமனை ஒன்றில் விசாரித்தபோது, தங்கள் கணினியின் பட்டியலில் இந்த வண்டியே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பட்டியலில் இல்லாத வண்டிக்கு அங்கே பழுதும் இருக்க முடியாது. ராபர்ட்சன்பேட்டையில் தகரக் கொட்டகை போட்டிருக்கும் ஒரு முதிய மேஸ்திரிதான் வந்து பார்த்தார். சுரங்கத்தின் பணிமனையில் ஃபிட்டராகத் தொழில் பழகியவர். வயது எழுபதைத் தாண்டியவர். அடுத்த இரண்டு வாரங்கள் அவர் செய்தவற்றை ஓர் ஆய்வு மாணவியின் குறிப்பேட்டோடு அருகிலிருந்து கவனித்தேன்.

அவர் முதலில் கருவி எதையும் எடுக்கவில்லை, கேள்வி கேட்டார். கடைசியாக ஓடியது எப்போது? தானாக நின்றதா, நிறுத்தப்பட்டதா? தொட்டியில் டீசல் எவ்வளவு இருந்தது? நிறுத்துவதற்கு முந்தைய மாதங்களில் ஏற்றத்தில் இழுத்ததா? காலையில் மட்டும் வெண்புகை வந்ததா, நாள் முழுதுமா? என் தந்தை ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னார். களப்பணியில் தகவலாளியிடம் நாம் நடத்தும் நேர்காணலுக்கும் இதற்கும் முறையளவில் வேறுபாடு ஏதும் எனக்குத் தெரியவில்லை. இயந்திரம் பேசாது, அதனோடு பல்லாண்டு இருந்தவர் பேசுவார். அவருடைய நினைவே முதல் தரவு.

அடுத்து, சாவியைத் திருப்பக் கூடாது என்றார். பல ஆண்டுகள் நின்ற எந்திரத்தில் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கக்கூடும். அந்த நிலையில் பேட்டரியின் வலிமையால் சுழற்றினால் வளையம் உடையும், சுவரும் கீறும். ஆகவே நாசில்களைக் கழற்றி, அந்தத் துளைகளின் வழியே ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எண்ணெய் ஊற்றி இரண்டு இரவுகள் ஊறவிட்டார். பிறகு கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டிக் கையால் மெல்லத் திருப்பினார். எங்கே தடை, எங்கே நெகிழ்வு என்பதைக் கை உணர்ந்தது. எந்திரம் ஒரு முழுச் சுற்று சுற்றிய பிறகே அடுத்த படி. தொட்டியை இறக்கியபோது அடியில் தண்ணீரும் கறுப்புப் பிசினும் இருந்தன. தொட்டியைக் கழுவி, பழைய ரப்பர்க் குழாய்களை மாற்றி, வடிகட்டியைப் புதிதாகப் போட்டு, 'ஏர் எடுத்தார்'. வடிகட்டியின் மேலுள்ள சிறு திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்து, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்வரை காற்றை வெளியேற்றுவதே ஏர் எடுத்தல். டீசல் எந்திரத்தின் குழாயில் சிக்கிய ஒரு சிறு காற்றுக் குமிழியே அதை ஊமையாக்கப் போதும். டீசலைப்போல் காற்று அழுத்தத்தைக் கடத்தாது, தானே சுருங்கிக்கொள்ளும்.

எந்திரம் உயிர்பெற்றது. ஆனால் 'மிஸ்ஸிங்' அடித்தது. நான்கு சிலிண்டர்களில் ஏதோ ஒன்று வேலை செய்யவில்லை. எது என்று எப்படி அறிவது? இங்கே நடந்ததைத்தான் மொழியியல் நண்பர்கள் கூர்ந்து வாசிக்க வேண்டும்.

"மொதல்ல கேட்டுப் பாரும்மா, அப்புறம் கைய வை" என்றார் மேஸ்திரி. எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு நாசிலுக்கும் டீசல் கொண்டுவரும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். முதல் சிலிண்டரின் நட்டைத் தளர்த்தியதும் எந்திரத்தின் ஓசை மாறித் திணறியது. இறுக்கியதும் பழையபடி ஆனது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதைத் தளர்த்தியபோது ஓசையில் மாற்றமே இல்லை. நான்காவதில் மீண்டும் மாறியது. எதை நீக்கினாலும் வேறுபாடு தோன்றவில்லையோ அது ஏற்கெனவே செயலற்றிருக்கிறது என்பது முடிவு. ஒலியனியலின் முதல் பருவத்தில் நாம் கற்கும் மாற்றீட்டுச் சோதனை இதுவேயன்றோ! பிறவற்றை மாறாமல் வைத்து, ஓரிடத்தை மட்டும் மாற்றி, முழுமையில் வேறுபாடு விளைகிறதா என்று பார்க்கிறோம். விளைந்தால் அந்த உறுப்புக்கு மதிப்பு உண்டு, விளையாவிட்டால் இல்லை. 'பல்', 'கல்' என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுவதை அவர் ஸ்பேனரால் செய்தார்.

அவர் அத்தோடு நிற்கவுமில்லை. மூன்றாவது சிலிண்டர் செயலற்றிருப்பதற்குக் காரணம் நாசிலாக இருக்கலாம். டீசல் பம்பின் அந்தப் பகுதியாக இருக்கலாம். வால்வோ பிஸ்டன் வளையமோ பழுதாகி அழுத்தம் குறைந்திருக்கலாம். நாசில் என்றால் செலவு சிறிது, பின்னவை என்றால் பெரிது. மூன்றாவதிலிருந்த நாசிலை முதல் சிலிண்டரிலும், முதலாவதிலிருந்ததை மூன்றாவதிலும் மாற்றிப் பொருத்தி மீண்டும் அதே சோதனையைச் செய்தார். இப்போது முதல் சிலிண்டர் ஊமையானது, மூன்றாவது பேசியது. பழுது நாசிலோடு இடம்பெயர்ந்துவிட்டது. ஆகவே குற்றம் நாசிலுடையது. பம்பும் அழுத்தமும் குற்றமற்றவை. போட்டிக் கருதுகோள்களை ஒரே சோதனையால் பிரித்தறியும் இந்த நுட்பத்துக்கு நம் ஆய்வு முறையியல் நூல்களில் தனி இயலே ஒதுக்குகிறார்கள். அவரோ எந்த இயலும் படித்தவர் அல்லர்.

புகையைப் பற்றியும் ஒரு சொல். இந்தியத் தருக்க மரபில் அனுமானத்துக்கு என்றும் காட்டப்படும் உதாரணம், மலைமேல் புகை கண்டு நெருப்பு உண்டெனத் துணிவது. மேஸ்திரியின் அனுமானம் அதைவிட ஒரு படி நுண்ணியது. புகை உண்டு என்பது அவருக்குப் போதாது. எந்தப் புகை என்று கேட்கிறார். குளிர்ந்த எந்திரத்தில் சிறிது நேரம் வரும் வெண்புகை, எரியாத டீசல். எந்திரம் சூடேறிய பின்னும் நில்லாத வெண்புகை என்றால் குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். நீலம் கலந்தால் எந்திர எண்ணெய் எரிகிறது. கரும்புகை என்றால் டீசல் மிகுதி அல்லது காற்றுக் குறைவு. நிறம், நேரம், மணம் ஆகிய மூன்றையும் சேர்த்தே அவர் முடிவுக்கு வருகிறார். ஓர் அடையாளம் பல காரணங்களுக்குப் பொதுவாக இருக்கும்போது துணை அடையாளங்களைத் தேடவேண்டும் என்ற விதியை அவர் சொல்லவில்லை, செய்து காட்டினார்.

இனி, அவருடைய மொழி. நன்னூல் தகுதி வழக்கின் ஒரு வகையாகக் 'குழூஉக்குறி'யைக் கூறுகிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்று வழங்குவது உரையாசிரியர்கள் தரும் உதாரணம். ஒரு குழுவினர் பிறர் அறியாதபடி தமக்குள் வழங்கும் சொல் என்றே அதைப் படித்திருக்கிறோம். பட்டறைச் சொற்களையும் அந்தக் கூடையில் போட்டுவிடுவது எளிது. ஆனால் அவை மறைப்பதற்காகப் பிறந்தவை அல்ல, வேறுபடுத்துவதற்காகப் பிறந்தவை. 'இழுவை இல்லை', 'திணறுது', 'முக்குது', 'மிஸ்ஸிங் அடிக்குது' என்பன வெளியாருக்கு ஒரே குறையின் பல பெயர்களாகத் தோன்றும். மேஸ்திரிக்கு அவை வெவ்வேறு நோய்கள். வெவ்வேறு இடத்தில் ஸ்பேனர் வைக்கச் சொல்லும் குறிப்புகள்.

இந்த வழக்கின் இலக்கணம் சொற்களைவிடச் சுவையானது. ஆங்கிலப் பெயர்களைத் தமிழ் வினையாக்க அவர்கள் நான்கு வினையாக்கிகளைக் கையாள்கிறார்கள். 'ஜாம் ஆயிடுச்சு', 'சீஸ் ஆயிடுச்சு' என்பவற்றில் 'ஆகு': எந்திரத்துக்குத் தானாக நேர்ந்தது. 'டைட் பண்ணு', 'லூஸ் பண்ணு' என்பவற்றில் 'பண்ணு': மனிதன் செய்வது. 'மிஸ்ஸிங் அடிக்குது', 'ஆயில் அடிக்குது' என்பவற்றில் 'அடி': எந்திரம் தன் கட்டுப்பாடின்றி வெளிப்படுத்துவது. 'ஏர் பிடிச்சிருக்கு', 'துரு பிடிச்சிருக்கு' என்பவற்றில் 'பிடி': வெளியிலிருந்து வந்து பற்றிக்கொண்டது. பின்னிரண்டையும் வேறெங்கே கேட்கிறோம்? காய்ச்சல் அடிக்கிறது, வெயில் அடிக்கிறது, சளி பிடித்திருக்கிறது. உடலின் நோய்க்கும் இயற்கையின் நிகழ்வுக்கும் தமிழ் வைத்திருக்கும் வினைகளே எந்திரத்தின் நோய்க்கும் வருகின்றன. எது தானாக நேர்ந்தது, எது ஒருவர் செய்தது, எது உள்ளிருந்து வருகிறது, எது வெளியிலிருந்து வந்தது என்ற காரணப் பாகுபாட்டை இலக்கணமே சுமந்து நிற்கிறது.

எங்கள் ஊர்ப் பட்டறையில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே மூச்சில் புழங்கும். உதிரிப் பாகங்களின் பெயர்கள் நான்குக்கும் பொது. 'ஆகு', 'பண்ணு' என்ற இரட்டைக்குக் கன்னடத்தில் 'ஆகு', 'மாடு'. தெலுங்கில் 'அவு', 'சேய்'. உருதுவில் 'ஹோனா', 'கர்னா'. குடும்பம் வேறான மொழிகள் பொதுக் கூறுகளைப் பகிர்வதை எமனோ 1956இல் 'மொழியியல் பரப்பாக இந்தியா' என்ற கருத்தாக முன்வைத்தார். அந்தப் பரப்பை நேரில் காண விரும்பும் மாணவருக்கு ஒரு தகரக் கொட்டகை போதும்.

சில சொற்கள் வரலாற்றையும் பாதுகாக்கின்றன. மாற்றுச் சக்கரத்துக்கு நாம் வழங்கும் 'ஸ்டெப்னி', வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரத்து ஸ்டெப்னி தெருவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றிய ஒரு நிறுவனத்தின் பெயர். பிறந்த நாட்டில் வழக்கொழிந்த சொல் இந்தியச் சாலைகளில் வாழ்கிறது. டீசல் பம்பைப் பலரும் இன்றும் 'மைக்கோ பம்ப்' என்கிறார்கள். 1951இல் தொடங்கப்பட்டுப் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மைக்கோ நிறுவனம் 2008இல் பாஷ் என்று பெயர் மாறியது. பட்டறை அதைப் பொருட்படுத்தவில்லை. பாடநூல் 'எரிபொருள் உட்செலுத்தி' என்று எழுதுகிறது. அது பிழையான சொல்லன்று, நல்ல சொல்லே. ஆனால் அதை உருவாக்கியவர்கள் பட்டறையில் வழங்கும் சொற்களின் உறவுகளை முதலில் தொகுத்திருந்தால் 'நாசில் ஒழுகுது', 'நாசில் பூ மாதிரி தூவுது' என்ற வேறுபாட்டுக்கும் அங்கே இடம் கிடைத்திருக்கும். 1961இல் மத்திய அரசு அறிவியல், தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையத்தை நிறுவியது முதல் கலைச்சொல்லாக்கம் பெரும்பாலும் மேலிருந்து கீழே வந்திருக்கிறது. கீழிருந்து மேலே செல்லும் வழி ஒன்றும் வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு சொல்லை மறுக்க வேண்டியிருக்கிறது: 'ஜுகாட்'. மேலாண்மை நூல்கள் இந்தியப் பட்டறைகளைப் புகழ்வதாக எண்ணி இச்சொல்லைப் பரப்பிவிட்டன. கிடைத்ததைக் கொண்டு எப்படியோ சமாளித்தல் என்பது அதன் பொருள். தமிழில் அதற்கு 'ஒப்பேற்றுதல்' என்ற சொல் உண்டு. மேஸ்திரியும் அச்சொல்லை அறிவார். ஒப்பேற்றலாகாத இடத்தைச் சுட்டவே அதைப் பயன்படுத்தினார். இருக்கை விரிப்பைக் கயிற்றால் கட்டிக்கொள்ளச் சம்மதித்தவர், பிரேக்கின் பழைய ரப்பர்க் குழாய்களையும் வீல் சிலிண்டர்களையும் மாற்றாமல் வண்டியைக் கொட்டகைக்கு வெளியே எடுக்க மறுத்துவிட்டார். "பிரேக்ல ஒப்பேத்தக் கூடாதும்மா" என்பது அவர் தீர்ப்பு. எங்கே ஒப்பேற்றலாம், எங்கே கூடாது என்று அறிவதே தொழிலறம். அந்த எல்லைக்கோட்டை அழித்துவிட்டு எல்லாவற்றையும் ஜுகாட் என்று கொண்டாடுவது புகழ்ச்சி வடிவிலான அவமதிப்பு.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, காற்று மாசு. இது நேர்மையான வாதம், நான் மறுக்கவில்லை. இந்தியாவில் பாரத் நிலை விதிகள் 2000ஆம் ஆண்டை ஒட்டித்தான் நடைமுறைக்கு வரத் தொடங்கின. நாடு முழுதும் பி.எஸ். 4 ஆனது 2017இல், பி.எஸ். 6 ஆனது 2020இல். 1994ஆம் ஆண்டு டீசல் எந்திரத்தை எவ்வளவு செம்மையாகப் பழுது பார்த்தாலும் அது இன்றைய எந்திரத்தின் தூய்மையை எட்டாது. நெரிசல் மிகுந்த நகரத்தில் அது நாள்தோறும் ஓடவேண்டும் என்று நான் வாதிடமாட்டேன். எங்கள் வண்டியும் இதுவரை உறவினர் ஒருவரின் நிலத்து எல்லையைத் தாண்டவில்லை. தகுதிச் சான்று பெறாமல் தாண்டவும் போவதில்லை.

ஆயினும் அளவுகோல் எதுவாக இருக்கவேண்டும் என்ற கேள்வி நிற்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட வாகனக் கழிப்புக் கொள்கை, தானியங்கிச் சோதனை நிலையங்களில் தகுதியைச் சோதித்து முடிவெடுக்கலாம் என்கிறது. தலைநகர் தில்லிப் பகுதியிலோ டீசலுக்கு 10 ஆண்டு, பெட்ரோலுக்கு 15 ஆண்டு என்று வயதே அளவுகோலாயிற்று. 2025 ஜூலை 1 முதல் அங்கே வயது கடந்த வண்டிகளுக்கு எரிபொருள் மறுக்கும் ஏற்பாடு தொடங்கி, எதிர்ப்பினால் சில நாட்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. வயதைக் கணக்கிட நாட்காட்டி போதும். நிலையை அறியப் பழுது பார்க்கத் தெரிந்தவர் வேண்டும். முன்னது எளிது என்பதற்காகப் பின்னதைக் கைவிடுவது நல்ல ஆட்சிமுறை ஆகாது. சோதனையில் தோற்கும் வண்டி வயது குறைந்ததாயினும் நிற்கட்டும்.

இரண்டாவது எதிர்வாதம் எனக்கு மேலும் முக்கியமானது. பட்டறையைப் புகழ்ந்து பேசுவது அங்குள்ள துன்பத்தை மறைப்பதாகாதா? ஆகும், கவனமின்றிப் பேசினால். பட்டறை அறிவு பல தலைமுறைகளாகக் கைமாறியது, பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட சிறுவர்களின் உழைப்பின் வழியாக. டீசலில் ஊறிய கைகள், கண்ணாடி அணியாத வெல்டிங், காப்பீடு இல்லாத விபத்து ஆகியவை அந்தக் கல்வியின் கட்டணம். எங்கள் தங்கவயலின் தொழிலாளரில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். கையால் செய்யும் வேலையை அறிவாகக் கருதாத வழக்கத்துக்கு இந்தச் சமூகத்தில் வேர் எது என்று நான் விளக்கத் தேவையில்லை. பட்டறை அறிவை அறிவென்று ஏற்பது, அந்த அறிவு வந்த வழியை நியாயப்படுத்துவதாகாது. சிறுவரின் உழைப்பு ஒழியட்டும். முதியவரின் அறிவும் அத்தோடு ஒழிய வேண்டியதில்லை. இரண்டையும் பிரிக்கும் வழி, அந்த அறிவு கைமாற வேறொரு முறையான பாதையை அமைப்பதே.

காலம் குறுகி வருகிறது என்றேன். புதிய எந்திரங்களில் பழுதைக் கணினிக் குறியீடு சொல்கிறது. அது நல்லதே, ஆனால் அந்தக் குறியீட்டை வாசிக்கும் கருவியும் உரிமையும் யாரிடம் என்பது தனிக் கேள்வி. நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் 'பழுது பார்க்கும் உரிமை'க்கெனக் குழு அமைத்து, அவ்வாண்டின் டிசம்பரில் இணையவாயிலும் தொடங்கியது. வாகனத் துறையும் அதில் இடம்பெற்றிருப்பது நல்ல தொடக்கம். ஆனால் காதால் சிலிண்டரைக் கண்டறியும் தலைமுறை எழுபதைத் தாண்டிவிட்டது. அவர்களிடம் பழக இன்று யாரும் வருவதில்லை.

நாம் என்ன செய்யலாம்? ஜூலியன் ஓர் என்ற மானுடவியலாளர் நகலெடுக்கும் எந்திரங்களைப் பழுது பார்ப்போரிடையே களப்பணி செய்து 1996இல் நூல் வெளியிட்டார். கையேட்டில் இல்லாத பழுதுகளை அவர்கள் ஒருவருக்கொருவர் கதை சொல்லியே தீர்க்கிறார்கள் என்று காட்டினார். அத்தகைய ஆய்வுக்கு நம் தெருமுனைகளைவிட வளமான களம் எது? 2020இல் இந்திய அறிவு மரபுகளுக்கென ஏ.ஐ.சி.டி.இ.யில் ஒரு பிரிவு அமைக்கப்பட்டது முதல் கருத்தரங்குகள் பெருகியுள்ளன. அவற்றின் நாட்டம் பெரிதும் பழைய ஏடுகளை நோக்கியே இருக்கிறது. ஏடுகள் காத்திருக்கும், மேஸ்திரிகள் காத்திருக்கமாட்டார்கள். மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 2013 முதல் 10,000 பேருக்கும் குறைவானோர் பேசும் மொழிகளை ஆவணப்படுத்தும் திட்டத்தை நடத்தி வருகிறது. அரும்பணி அது. ஆனால் கோடிக்கணக்கானோர் பேசும் மொழிக்குள்ளேயே அழிந்துவரும் தொழில்வழக்குகள் அந்தக் கணக்கில் வருவதில்லை.

என் பரிந்துரைகள் எளியவை. மொழியியல் துறைகளும் அருகிலுள்ள ஐ.டி.ஐ.களும் இணைந்து, வேலை நடக்கும்போதே பட்டறை உரையாடலை ஒலி, ஒளிப்பதிவு செய்யட்டும். ஓசையே தரவாக இருக்கும் துறையில் எழுத்துக் குறிப்பு மட்டும் போதாது. முதுகலை மாணவரின் களப்பணித் தாளுக்கு ஒரு பட்டறையையும் களமாக ஏற்கட்டும். மேஸ்திரியைத் தகவலாளி என்ற பெயரில் மறைத்துவிடாமல், அவர் விரும்பினால் பெயரிட்டு, உடனாசிரியராக மதித்து, அவர் இழக்கும் நாட்கூலிக்குக் குறையாத ஊதியமும் கொடுக்கட்டும். பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் முன்கற்றலை அங்கீகரிக்கும் ஏற்பாடு இருக்கிறது. நம்முடைய பட்டியலில் உள்ளவை அவருக்குத் தெரியுமா என்று சோதித்து அது சான்றிதழ் தருகிறது. அவருடைய பட்டியலில் உள்ளவை நமக்குத் தெரியுமா என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்பது பல்கலைக்கழகத்தின் கடமை.

இதை வாசிக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் எந்த மாநிலத்தில் பயின்றாலும் உங்கள் விடுதிக்கு அருகில் ஒரு பட்டறை இருக்கும். அங்கே ஒரு மாலைப்பொழுது அமர்ந்து, 'ஆகு, பண்ணு, அடி, பிடி' என்னும் நான்குக்கும் ஈடாக அவ்வூர் மொழியில் என்ன வழங்குகிறது, எந்தப் பழுதுக்கு எந்த வினை வருகிறது என்று குறித்துப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். மராத்தி, வங்காளம், ஒடியா, மலையாளத் தரவுகள் எனக்கு மிகவும் தேவை. சொன்னவரின் ஒப்புதலைப் பெற்று எழுதுங்கள். அவருக்கு ஒரு தேநீராவது வாங்கிக் கொடுங்கள்.